சோமாசி வண்டி: முதன்முதலாக டியர்டிராப் கேம்பர் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில், ஒரே ஒரு கார் நிற்கக்கூடிய கராஜில், நானும் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன டியர்டிராப் கேம்பர் கட்டினோம். அதைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு யூட்டா வரை போய் வந்தோம். அதற்கு முன் நான் செய்த மரவேலை என்று பார்த்தால், கடையில் பெட்டியாக வாங்கிய புத்தக அலமாரியைப் பொருத்தி நிறுத்தியதுதான். அது இன்றும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பயணம் முடிந்து வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அளவுகள் எல்லாம் அமெரிக்கக் கடைகளில் புழங்குகிற அடி, அங்குலம், பவுண்டில் இருக்கும்.

டியர்டிராப் கேம்பர் என்றால் என்ன?

சாதாரணக் கார் இழுக்கக்கூடிய சின்ன ட்ரெய்லர். உள்ளே ஒரு மெத்தை, அதற்கு மேல் ஒன்றிரண்டு அலமாரி, அவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம். பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் அடுக்களை. நீங்கள் வெளியே நின்று சமைக்க வேண்டும்.

பக்கவாட்டில் பார்த்தால் முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து இறங்குவதால் அமெரிக்கர்களுக்கு அது கண்ணீர்த்துளியாகத் தெரிந்தது. என் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னடா இது, சோமாசிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அதற்குச் சோமாசி என்றே பெயர்.

1930களிலேயே இந்த வண்டிகள் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிவிட்டன. அப்போதிலிருந்தே இது வீட்டில் கட்டுகிற வண்டிதான். 1947இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை இதற்கான வரைபடத்தை வெளியிட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கொட்டகையில் கட்டினார்கள். பிறகு பெரிய பெரிய ட்ரெய்லர்கள் வந்து இதை ஓரங்கட்டின. இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது.

எனக்குச் சுத்தியல்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. கட்ட முடியுமா?

முடியும். இதில் நுணுக்கமான தச்சுவேலை அதிகம் இல்லை. ஜிக்சா, டிரில், வட்டரம்பம், தேய்க்கும் மெஷின், ஒரு டஜன் கிளாம்ப், மூலைமட்டம், ரசமட்டம். இவை போதும். வளைவு வரைபடத்தில் இருப்பதிலிருந்து அரை அங்குலம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கச் சுவரும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். அதற்கும் வழி சுலபம்: இரண்டு பலகையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து இறுக்கி, சேர்த்தே வெட்டி, சேர்த்தே தேய்த்துவிடுங்கள்.

நான் மரவேலையை நினைத்துத்தான் இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் என்னைப் படுத்தி எடுத்தவை எடையும் தண்ணீரும். இந்தப் பக்கத்தில் அவை இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

சரி, முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் தூங்குகிற கையேட்டை எடுத்து, இழுவை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். எங்கள் ஹோண்டா சிஆர்-வி அமெரிக்கக் கணக்கில் 1,500 பவுண்டு இழுக்கும். சுபாரு அவுட்பேக்கின் 2.5 லிட்டர் எஞ்சின் 2,700 பவுண்டு வரை. சில சின்னக் கார்களின் கையேட்டில் 'ட்ரெய்லர் இழுக்க வேண்டாம்' என்றே போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் விவாதம் முடிந்தது; "யாரோ இழுத்தாராம், ஒன்றும் ஆகவில்லையாம்" என்ற கதையை நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்டுவதற்காகக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம். முதல் வகுப்பு ஹிட்ச் பொதுவாக 2,000 பவுண்டு வரை, இரண்டாம் வகுப்பு 3,500 வரை. ஆனால் கார், ஹிட்ச், ஹிட்ச் உருண்டை, ட்ரெய்லர் இந்த நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. பெரிய ஹிட்ச் மாட்டினால் கார் பலசாலி ஆகிவிடாது.

மொத்தம் எவ்வளவு எடை வரும்?

எங்களுடையது 4 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம். காலியாக 870 பவுண்டு. மெத்தை, தண்ணீர், பேட்டரி, அடுப்பு, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 1,150. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும். அதில் நிறுத்தி எடுத்த கணக்கு இது.

முக்கால் அங்குல பிளைவுட் ஒரு ஷீட்டே 60, 70 பவுண்டு இருக்கும். 'பலமாக இருக்கட்டுமே' என்று தரை, சுவர், தடுப்பு எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் கனத்துவிடும். எங்கள் நண்பர் ஒருவர் அடுக்களைக்கு ஓக் மரத்தில் இழுப்பறை செய்தார். பார்க்க ராஜ களைதான். இழுத்துப் பார்த்ததும் அந்த அடுக்களையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

'டங் வெயிட்' என்று சொல்கிறார்களே, அது என்ன? அவ்வளவு முக்கியமா?

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ட்ரெய்லரின் முன்கம்பு உங்கள் ஹிட்ச் உருண்டையை எவ்வளவு எடையோடு கீழே அழுத்துகிறது என்பதுதான் டங் வெயிட். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எங்கள் 1,150 பவுண்டுக்கு 115 முதல் 170 வரை. அதற்குக் குறைந்தால், அதாவது பின்பக்கம் கனத்தால், வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

டியர்டிராப்பில் இந்தத் தொல்லை பிறவியிலேயே இருக்கிறது. அடுக்களை பின்னால், அடுப்பு, ஐஸ் பெட்டி, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் பின்னால். முதல் ஒத்திகையில் நாங்கள் ஐந்து காலன் தண்ணீரையும் பின்னாலேயே வைத்தோம். அதுவே 42 பவுண்டு. மணிக்கு 55 மைலைத் தொட்டதும் கண்ணாடியில் சோமாசி ஆடுவது தெரிந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தால் டங் வெயிட் 60 பவுண்டு.

நிறுத்துப் பார்ப்பது எளிது. குளியலறை எடை இயந்திரத்தைக் கீழே வைத்து, மேலே கல்லோ மரக்கட்டையோ அடுக்கி, முன்கம்பின் முனையை அதன் மேல் உட்காரவையுங்கள். ட்ரெய்லர் காரில் மாட்டும் உயரத்திலேயே, மட்டமாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் கேனையும் பேட்டரியையும் முன்கம்பின் மேல் ஒரு பெட்டி செய்து அதற்குள் மாற்றினோம். 60 என்றிருந்தது 140 ஆனது. அதன் பிறகு 65 மைலிலும் பின்னால் ஒன்று வருகிறது என்பதே மறந்துபோனது.

ஓடும்போது ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். தானாக வேகம் குறையட்டும். பிறகு ஓரங்கட்டி, சாமானை முன்னால் நகர்த்துங்கள்.

சக்கரங்களைத் தாங்கும் அச்சின் இடத்தையும் இதை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். பெட்டியின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் வருமாறு பார்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். வெல்டிங் முடிந்த பிறகு அச்சை நகர்த்துவது நரகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அடிச்சட்டத்தை நானே வெல்டிங் செய்யலாமா?

வெல்டிங் தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். எனவே வேண்டாம். 4க்கு 8 அடி ட்ரெய்லர் கிட் பெட்டியில் கிடைக்கிறது. போல்ட் போட்டுப் பூட்டினால் சட்டம் தயார். அதோடு வரும் நட்டுகளை நம்பாமல், நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டுகளை வாங்கிப் போடுங்கள். முதல் 50 மைல் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும், சக்கர நட்டையும் மறுபடி இறுக்குங்கள். சாலை அதிர்வு என்பது பெட்டிக்குத் தினமும் எட்டு மணி நேர நிலநடுக்கம்.

கிட்டில் வரும் சக்கர பேரிங்கைத் திறந்து பாருங்கள். எனக்கு வந்ததில் கிரீஸ் பேருக்கு இருந்தது. புதிதாக அடைத்தேன். பயணத்தில் பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, சுட்டால் பேரிங்கில் ஏதோ கோளாறு. இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

சின்னச் சக்கரம் காரின் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறது, வேகமாகச் சூடாகிறது. 'எஸ்டி' என்று குறித்த ட்ரெய்லர் டயர்கள், வேறு எதுவும் அச்சிடாவிட்டால், 65 மைல் வேகத்துக்கானவை. கலிஃபோர்னியாவில் எந்த ட்ரெய்லரை இழுத்தாலும் உச்ச வேகம் 55தான். ஒரு ஸ்டெப்னி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கான்சஸில் ஞாயிற்றுக்கிழமை மாலை 12 அங்குல டயர் தேடிப் போகிற அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

4 அடி அகலமா, 5 அடியா?

பிளைவுட் ஷீட் 4க்கு 8. அதனால்தான் பழைய வரைபடங்கள் எல்லாம் அந்த அளவில் இருக்கின்றன; வெட்டு குறைவு, வீண் குறைவு. ஆனால் சுவர் தடிமன் போனால் உள்ளே 46, 47 அங்குலம்தான் மிஞ்சும். அமெரிக்க டபுள் மெத்தை 54 அங்குலம், குயீன் 60. கணவன் மனைவி இருவரும் ஒல்லி, தூக்கத்தில் உருள மாட்டோம் என்றால் 4 அடி. நாங்கள் 4 அடி கட்டினோம். அடுத்த முறை 5 அடி.

சுவருக்கு எந்தப் பலகை?

தண்ணீரில் பிரியாத, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பசை போட்ட பிளைவுட். படகுக்கான மரைன் பிளைவுட் தேவையில்லை. விலை மூச்சை அடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் அப்பளமாகப் பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

எளிய வழி, முக்கால் அங்குலப் பலகையை அப்படியே சுவராக்குவது. இன்னொரு வழி, அதே பலகையில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி எலும்புக்கூடு மாதிரி ஆக்கி, வெட்டிய இடத்தில் தெர்மாகோல் வகை நுரைப்பலகையை நிரப்பி, இருபுறமும் மெல்லிய பிளைவுட் ஒட்டுவது. எடை குறையும், குளிரும் தாங்கும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். ஒரு எச்சரிக்கை: பாலிஸ்டைரீன் நுரையில் கரைப்பான் கலந்த பசையைத் தடவினால் அது நுரையைத் தின்றுவிடும். நான் ஒரு பலகை முழுக்கத் தடவிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பலகையில் பள்ளம் பள்ளமாக நிலவின் மேற்பரப்பு. டப்பாவில் 'நுரைக்கு ஏற்றது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூரையை எப்படி வளைப்பது?

எட்டில் ஒரு பங்கு அங்குலத் தடிமன் பிளைவுட் தானாகவே வளையும். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் குறுக்குச் சட்டங்கள் போட்டு, அதன் மேல் இந்த மெல்லிய பலகையை வளைத்துப் பசையும் ஸ்க்ரூவுமாகப் பூட்டுகிறோம். முன்புறம் வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில் துணியை ஈரமாக்கிப் பலகையின் மேல் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் இணங்கி வரும். எந்தத் திசையில் எளிதாக வளைகிறது என்பதைக் கடையிலேயே ஷீட்டைத் தூக்கி வளைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு திசைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

வெளியே அலுமினியத் தகடு போட வேண்டுமா?

அழகு அதுதான். வெயிலில் பளபளவென்று நிற்பதைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் ஒரு தகடு நசுங்கினால் நசுங்கியதுதான், முதல் முறை கட்டுகிறவர் கை கண்டிப்பாக எங்காவது இடிக்கும்.

நாங்கள் செய்தது, இங்கே 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்று கேலியாகச் சொல்லும் முறை. பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கிற பருத்திக் கேன்வாஸ் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்பாண்ட் 2 மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து சுவரில் தடவி, துணியைச் சுருக்கம் இல்லாமல் விரித்து ஒட்டுங்கள். காய்ந்ததும் வெளிப்புறச் சுவருக்கான லேடெக்ஸ் பெயின்ட் மூன்று நான்கு பூச்சு. முதல் பூச்சு மட்டும் தண்ணியாக, துணிக்குள் இறங்குகிற மாதிரி. காய்ந்தால் தோல் மாதிரி இறுகிவிடும். கீறல் விழுந்தால் ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் பசை, பெயின்ட். பஞ்சர் ஒட்டுகிற மாதிரிதான். எங்களுடையது மஞ்சள் பெயின்ட். பொரித்தெடுத்த சோமாசி நிறம்.

மழையில் ஒழுகுமா?

ஒழுகும். எங்கே ஒழுகும் என்பதைப் பயணத்துக்கு முன் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

பிளைவுட்டுக்கு மேல்முகத்தால் ஆபத்து குறைவு. வெட்டிய ஓரம்தான் உறிஞ்சுகிற வாய். ஒவ்வொரு ஓரத்தையும், ஒவ்வொரு ஸ்க்ரூ துளையையும், முக்கியமாகத் தரைப்பலகையின் அடிப்பக்கத்தையும் மூட வேண்டும். தரையைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே அடிப்பக்கம் பூசிவிடுங்கள். பிறகு மல்லாந்து படுத்துப் பூச நேர்ந்தால் பாதிப் பூச்சு முகத்தில் விழும். எண்ணெய் வகை பாலியூரித்தேனில் மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானைக் கலந்து முதல் இரண்டு பூச்சைத் தண்ணியாகக் கொடுத்தால் மரத்துக்குள் ஆழமாக இறங்கும்; மூன்றாவது பூச்சு அப்படியே கெட்டியாக.

கதவு, ஜன்னல், கூரை விசிறியின் சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் டேப் வையுங்கள். கறுப்பாக, சூயிங்கம் மாதிரி இருக்கும். கடைசிவரை இறுகாது, அதிர்வோடு சேர்ந்து கொடுக்கும். சிலிக்கோன் வேண்டாம். அது பிடித்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது, நாளைக்குப் பழுதுபார்க்கப் போனால் புதுச் சிலிக்கோன்கூட அதன் மேல் ஒட்டாது.

அதிகம் ஒழுகுவது பின்மூடியின் கீல் இருக்கும் இடம். கூரைத் தண்ணீர் முழுக்க அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். பியானோக் கீல் எனப்படும் சாதாரண நீளப் பட்டைக் கீல் போட்டால் அதன் மூட்டு வழியாக நீர் இறங்கும். மேலே ரப்பர் பட்டை ஒன்று மூடியாக வேண்டும். டியர்டிராப்புக்கென்றே 'ஹரிக்கேன் ஹிஞ்ச்' என்ற நீண்ட அலுமினியக் கீல் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்பதால் நீர் மேலேயே ஓடிவிடும். காசு பார்க்காமல் வாங்க வேண்டிய சாமான் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சோதனை: மனைவி டார்ச்சோடும் சாக்பீஸோடும் உள்ளே உட்கார்ந்தார். நான் வெளியே தோட்டக் குழாயால் இருபது நிமிடம் எல்லாப் பக்கமும் அடித்தேன். உள்ளேயிருந்து சுவரைத் தட்டும் சத்தம் ஏழு முறை வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி. இரண்டு முறை. மூன்றாவது வாரம் சத்தமே இல்லை, என்னவென்று கதவைத் திறந்து பார்த்தால் தூங்கியிருந்தார்.

இவ்வளவு அடைத்தால் உள்ளே மூச்சு முட்டாதா?

முட்டும். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் காலையில் கூரையிலிருந்து சொட்டும்; நாங்கள் முதல் இரவில் அதை ஒழுகல் என்று நினைத்து ஏமாந்தோம். கூரையில் 14 அங்குலச் சதுர விசிறி ஒன்று வையுங்கள். இது எல்லா ஆர்.வி. (வீட்டு வண்டி) சாமான் கடையிலும் கிடைக்கும் நிலையான அளவு. விசிறியை வெளியேற்றும் பக்கமாக மெதுவாக ஓடவிட்டு, ஒரு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள், குளிர்காலத்திலும்.

உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது, மழை பெய்தாலும். அவ்வளவு சின்ன அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே கதை முடியும். அதற்கான அலாரம் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள்.

மின்சாரம்?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. விசிறி இரவு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 18 ஆம்பியர்-மணி, விளக்கும் ஃபோன் சார்ஜும் சேர்த்து இன்னும் ஏழோ எட்டோ. 100 வாட் சோலார் தட்டு ஒன்று வெயிலுள்ள நாளில் அதை ஈடுகட்டியது. மின்சார ஃபிரிட்ஜ் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். இந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்.

பின்விளக்குகளுக்குக் காரிலிருந்து வரும் நான்கு கம்பி: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. விளக்கு எரியாமல் குழப்பினால் முதலில் வெள்ளைக் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்ட்டின் மேல் திருகியிருப்பீர்கள்.

நம் சமையல் சரிவருமா?

தாராளமாக. அடுக்களை வெளியே இருப்பது நமக்கென்றே யோசித்துச் செய்ததுபோல் இருக்கிறது: தாளிக்கிற வாசம் மெத்தையில் ஏறாது. இரண்டு பர்னர் கோல்மேன் அடுப்பு, ஒரு சின்ன பிரஷர் குக்கர், ஒரு இரும்புத் தோசைக்கல். குக்கரை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கொலராடோவில் 9,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. எங்கள் குக்கர் விசில் கேட்டுப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் என்ன ஆபத்தோ என்று ஓடி வந்தார். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இட்லி மாவு ஐஸ் பெட்டியில் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

பதிவு, இன்சூரன்ஸ்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கிட் வாங்கினால் அதோடு உற்பத்தியாளர் சான்றிதழ் வரும், அதைத் தொலைக்காதீர்கள். வீட்டில் கட்டியது என்றால் எடைச் சீட்டோ நேரடிப் பரிசோதனையோ கேட்கலாம். எல்லா ரசீதையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிரேக் சட்டமும் அப்படித்தான்: பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல்தான் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கேட்பார்கள், கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே. இன்சூரன்ஸ் கம்பெனியிடம், "ட்ரெய்லர் பிறர்மேல் மோதினால் யார் கொடுப்பது, ட்ரெய்லரே நொறுங்கினால் யார் கொடுப்பது" என்று இரண்டு தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பதிலும் இரண்டாகத்தான் வரும்.

செலவு? எத்தனை நாள் ஆகும்?

எங்களுக்கு 4,300 டாலர், கருவிகள் தனி. அதில் கீல், விசிறி, ரெடிமேடாக வாங்கிய இரண்டு கதவு, பேட்டரி இவையே பாதிக்குக் கிட்டத்தட்ட. சனி ஞாயிறுகளில் வேலை பார்த்து ஏழு மாதம். மூன்று மாதம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

ஓட்டுவது கஷ்டமா?

முன்னால் ஓட்டுவது எளிது. கொலம்பஸில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறினால் செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, டென்வர் என்று யூட்டா வரை ஒரே சாலை. கிரசென்ட் ஜங்ஷனில் இறங்கித் தெற்கே திரும்பினால் மோவாப். சமவெளியில் நினைவில் வைக்க ஒன்றே ஒன்று: நிறுத்த அதிக தூரம் தேவை. டென்வரைத் தாண்டி 11,000 அடியில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை முடிந்ததும் வரும் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு போகக் கூடாது. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறங்குங்கள்.

ரிவர்ஸ்தான் மானத்தை வாங்கும். ட்ரெய்லர் சின்னதாக இருப்பதால் சட்டென்று மடங்கிவிடும், காரின் பின்கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. ஸ்டியரிங்கின் அடியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெய்லரும் அந்தப் பக்கம் போகும். காலியான சர்ச் பார்க்கிங்கில் ஒரு மதியம் பழகுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் கழற்றிக் கையால் தள்ளிவிடலாம். இந்த வண்டியின் பெரிய வசதியே அதுதான்.

இரவில் எங்கே நிறுத்துவது?

பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசு நில நிர்வாகத்தின் நிலங்களில் பல இடங்களில் இலவசமாக 14 நாள் வரை தங்கலாம். மோவாப்பை ஒட்டிய பகுதிகளில் குறித்த இடங்களில் மட்டும்தான். கழிவை எடுத்துச் செல்லும் ஏற்பாடும் கையில் இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குள் முகாம் மைதானத்தில்தான் தங்க முடியும்.

போகுமுன் நீளத்தை அளந்து வையுங்கள். காரும் சோமாசியும் சேர்ந்து எங்களுக்கு 27 அடி. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் 'கோயிங் டு த சன்' மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் அனுமதி இல்லை. சின்ன வண்டிதானே என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ட்ரெய்லரை முகாமில் விட்டுவிட்டுக் காரில் போக வேண்டும்.

கரடிப் பகுதியில் பின் அடுக்களையில் உணவு வைத்துத் தூங்காதீர்கள். மெல்லிய பலகைதான் உங்கள் கால்மாட்டுக்கும் கரடியின் மூக்குக்கும் நடுவே இருக்கும். முகாமில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். கலிஃபோர்னியாவின் யோசமிட்டி பூங்காவில் இரவில் காருக்குள்கூட உணவு வைக்கக் கூடாது.

குழந்தைகளோடு போகலாமா?

ஒரு கைக்குழந்தை என்றால் சமாளிக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது.

இதற்குப் பதில் ஒன்றை வாங்கிவிடலாமே?

வாங்கலாம். கையில் பணம் இருந்து, அடுத்த மாதமே கிளம்ப வேண்டும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். கட்டுவதாக இருந்தாலும் முதலில் இரண்டு இரவுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள். நாங்கள் எடுத்ததில் கதவு ஒரு பக்கம்தான், என் பக்கம். நடுராத்திரி வெளியே போக மனைவி என்னைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர் முழங்கால் என் வயிற்றில் இறங்கிய அந்த நிமிடமே வரைபடத்தில் இரண்டாவது கதவு முடிவாகிவிட்டது.